சூளையும் வீடும்

தீயை மூட்டுதல் எளிது; மூட்டிய தீயின் வெப்பத்தை வேண்டிய இடத்தே நிறுத்திவைத்தல் அரிது; வேண்டாத இடத்தே அது புகாவண்ணம் தடுத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டனையும் ஒருங்குவைத்து எண்ணுதற்கு ஏற்ற ஊர் ஒன்று நம் நாட்டில் உண்டு. மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலமே அஃது. திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய அந்நகர் பழமலைநாதர் திருக்கோயிலாற் சிறப்புற்றிருத்தல் யாவரும் அறிந்ததே. பிற்காலத்தில் அதற்குப் பிறிதொரு சிறப்பும் வாய்த்தது. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக்கிடக்கும் மண்ணடுக்குகளில் நல்ல களிமண் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டை ஒன்றும், அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகம் ஒன்றும் விருத்தாசலத்தில் அமைந்தன. சாடிகள், பொம்மைகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள் முதலிய பல பொருள்கள் அவ்வூர்ச் சூளைகளிற் சுடப்பட்டு நாடெங்கும் சென்றன.

மின்சாரத்தைத் தாங்கும் பீங்கான் வேகவேண்டுமாயின் சூளையினுள்ளே ஏறக்குறைய 1,250 முதல் 1,300 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பம் வேண்டும். அத்துணை வெப்பம் உள்ளே கொதித்துநிற்க, ஒரு முழத்துக்கு மேற்படாத சுவர்க்கு இப்பால் தொழிலாளி நின்று வேலைசெய்கின்றான். வெப்பத்தை ஒரு பக்கத்திலேயே நிறுத்திவைக்கும் கலை அவனுக்குக் கைவந்தது. ஆயினும் அவன் வேலை முடித்து வீடு திரும்பிச் சித்திரை வைகாசித் திங்களின் இரவில் பாய்விரித்துப் படுக்குங்கால், தலைக்கு மேலுள்ள தளம் நள்ளிரவு கடந்தும் அனல் வீசுகின்றது. சூளையில் வென்ற கலை வீட்டில் தோற்றது ஏன்? இவ்வினாவுக்கு விடைகாண்டற்கு நமக்குத் துணையாவது, வெப்பத்தைப் படமாக எடுத்துக் காட்டும் ஒரு புதுக்கருவி. அதன் இயல்பையும், அதனால் நம் வீடுகட்கு விளையும் பயனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. உலகில் உள்ள பொருள்கள் யாவும் தத்தம் வெப்பநிலைக்கேற்ப இடையறாது கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. சூளைத்தொழிலில் முதிர்ந்தோர் இவ்வுண்மையைப் புத்தகத்தின் உதவியின்றியே அறிவர். பார்வைத்துளை வழியே நோக்கி, உள்ளே கருஞ்சிவப்பாயின் இத்துணை வெப்பம், செம்மஞ்சளாயின் இத்துணை, வெளிறிய மஞ்சளாயின் இத்துணை என்று நிறத்தைக்கொண்டே மதிப்பிடுவர். 1886-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய சேகர் என்பார், குறித்த வெப்பத்தில் வளைந்து சாயும் சிறு மண்கூம்புகளை அமைத்து இம்மதிப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் கண்ணே சிறந்த கருவியாய் இருந்துவந்தது.

சூளை ஆறத்தொடங்கிய பின்னர் நிகழ்வது யாது? ஏறக்குறைய 500 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் செந்நிறம் மறைகின்றது. கண்ணுக்கு அது இருண்டுவிட்டது. ஆனால் கையை அருகே நீட்டின் சுடுகின்றது. கதிர் நிற்கவில்லை, நம் கண்ணின் எல்லையைக் கடந்து சென்றது, அவ்வளவே. ஒரு பொருளின் வெப்பநிலை குறையக் குறைய, அது மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் கூடிக்கொண்டே போகும் என்பது 1893-இல் வீன் என்னும் விஞ்ஞானி கண்ட விதி. 2,898 என்னும் எண்ணைக் கெல்வின் அளவிலுள்ள வெப்பநிலையால் வகுத்தால் அவ்வலைநீளம் மைக்ரான் கணக்கிற் கிடைக்கும். 1,300 டிகிரி சென்டிகிரேடு, அஃதாவது 1,573 கெல்வின், வெப்பமுள்ள சூளைக்கு அது 1.8 மைக்ரான். 30 டிகிரி வெப்பமுள்ள வீட்டுச்சுவர்க்கு 9.6 மைக்ரான். நம் கண் காண்பதோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையிலான சிறு பகுதியே. எனவே வீட்டுச்சுவரும், கூரையும், நம் உடம்பும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவ்வொளியைக் காணுங் கண் நமக்கில்லை.

இவ்வொளி உண்டென்று முதலிற் கண்டவர் வில்லியம் ஹெர்ஷெல். அவர் இசைவாணராய் வாழ்க்கையைத் தொடங்கி, வான நூலில் ஈடுபட்டு, 1781-இல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டவர். 1800-ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஓர் உஷ்ணமானியை வைத்து வெப்பத்தை அளந்தார். செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத வெற்றிடத்தில் வைத்த உஷ்ணமானி மற்றவற்றினும் மிகுதியாக ஏறிற்று. அங்ஙனம் அறியப்பட்டனவே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படுவன. அவர்தம் மைந்தர் ஜான் ஹெர்ஷெல், 1840-இல், கரிபூசிய தாளைச் சாராயத்தில் நனைத்து, அது வெப்பம் பட்ட இடத்தில் முன்னும் பிற இடத்தில் பின்னுமாக உலர்வதைக்கொண்டு வெப்பத்தின் படத்தை முதன்முதலாகத் தாளிற் காட்டினார். பின்னர் லாங்லி என்னும் அமெரிக்கர், 1880-ஐ ஒட்டி, மெல்லிய உலோகப் பட்டையில் வெப்பம் பட்டால் அதன் மின்தடை மாறுவதை அளந்து மிகச் சிறிய வெப்பத்தையும் அறியும் கருவியை இயற்றினார்.

இன்று கையில் எடுத்துச்செல்லும் வெப்பப் படக்கருவியின் உயிர்நிலை லாங்லியின் கருத்தேயாகும். அவர் ஒரு பட்டையை வைத்த இடத்தில் இன்று ஆயிரக்கணக்கான நுண்ணிய பட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் படத்தில் ஒரு புள்ளியாகும். 1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்தில் படைத்துறையின் பொருட்டு இரகசியமாக உருவாக்கப்பட்ட இம்முறை, 1992-இல் வெளிப்படையாக்கப்பட்டது. அதற்கு முந்திய கருவிகளை மிகுந்த குளிரில் வைத்தே இயக்க வேண்டியிருந்தது; இதற்கு அத்தொல்லை இல்லை. ஆகவே விலையும் எடையும் குறைந்து, கைப்பேசியோடு பொருத்தத்தக்க சிறு கருவிகளும் கடைக்கு வந்துவிட்டன. இக்கருவியின் முகப்பில் சாதாரணக் கண்ணாடி வில்லை பயன்படாது. என்னை? எனின், 10 மைக்ரான் அளவினதாய கதிர்க்குக் கண்ணாடி ஒரு கருங்கற்சுவரே போல்வது. அதனாற்றான் ஜெர்மானியம் என்னும் பொருளாற் செய்த வில்லையைப் பொருத்துகின்றனர். 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்தில், வாயில்தோறும் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானியை நண்பர்கள் மறந்திரார். அஃது ஒரே புள்ளியை அளப்பது. இஃது அத்தகைய பல்லாயிரம் புள்ளிகளை ஒரே நொடியில் அளந்து படமாக வரைவது.

இக்கருவியைப்பற்றி மக்களிடையே உலவும் தவறான எண்ணங்கள் சில உள. இது சுவரை ஊடுருவி உள்ளே நடப்பதைக் காட்டும் என்பது ஒன்று. இது காட்டுவது பொருளின் மேற்பரப்பை மட்டுமே. சுவர்க்குள் ஏதேனும் குறையிருந்து, அதனால் மேற்பரப்பின் வெப்பம் மாறியிருந்தாலன்றி அக்குறை படத்திற் புலனாகாது. படத்திலுள்ள சிவப்பும் நீலமும் பொருளின் நிறங்கள் என்று கருதுவது மற்றொன்று. அவை எண்களுக்கு நாம் இட்ட வேடமேயன்றி வேறில்லை. அரை டிகிரி வேறுபாட்டையும் செக்கச்செவேலென்று காட்டுமாறு கருவியை அமைத்துவிடலாம். ஆகவே படத்தின் ஓரத்திலுள்ள அளவுகோலைப் பாராது நிறத்தைக்கண்டு அஞ்சுதல் பேதைமை.

இவற்றினும் முக்கியமானது, பொருள்கள் எல்லாம் ஒரே திறத்தோடு வெப்பக்கதிரை உமிழ்வதில்லை என்பது. செங்கல், பூச்சு, மரம், ஓடு, பீங்கான், மனித உடல் ஆகியவை முழுத்திறனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒட்டி உமிழ்வன. மெருகிட்ட உலோகமோ நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே உமிழும். எஞ்சியதற்குத் தன்னைச் சூழ்ந்தவற்றின் கதிரையே பிரதிபலிக்கும். மாணவர்கள் இதனை எளிதிற் பரிசோதித்துப் பார்க்கலாம். பளபளக்கும் எவர்சில்வர்ச் செம்பு ஒன்றின் ஒரு பாதியில் விளக்குப்புகையைப் படியவைத்து, அதனுள் வெந்நீரை ஊற்றிக் கருவியால் நோக்குக. கரிபடிந்த பாதி சுடுவதாகவும், பளபளக்கும் பாதி குளிர்ந்ததாகவும் தோன்றும். தொட்டுப்பார்த்தால் இரண்டும் ஒருபடித்தாகவே சுடும். இதனை உணராதவர் புதிய தகரக்கூரையைப் படமெடுத்து, அது குளிர்ந்திருக்கின்றது என்று சான்று தந்துவிடுவர்.

மற்றொரு விந்தையும் உண்டு. சுண்ணாம்பு பூசிய வெண்சுவரும் தார் பூசிய கருஞ்சுவரும் 10 மைக்ரான் கதிரில் ஏறக்குறைய ஒரே திறத்தன. மனிதரின் தோலும் அவ்வாறே. எந்நிறத்தவர் தோலாயினும் இக்கருவிக்கு வேற்றுமை இல்லை. கண்ணுக்குத் தோன்றும் நிறவேற்றுமை அக்கதிரிற் கரைந்துபோகின்றது.

இனி, வீடுகளிற் பயன்படுத்தும் வகையைக் காண்போம். சுவீடன் நாட்டு ஏ.ஜி.ஏ. நிறுவனம் 1965-இல் இத்தகைய கருவியை முதன்முதல் வாணிகத்துக்குக் கொண்டுவந்தபோது, மின்கம்பி இணைப்புகளில் சூடேறிய இடத்தைக் காண்பதே அதன் வேலையாயிருந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், குளிர்நாட்டார் தம் வீடுகளிலிருந்து வீணே கசிந்தோடும் வெப்பத்தைத் தேடலாயினர். கனடாவிலும் நார்வேயிலும் குடியேறி வாழும் தமிழர் இதனை நன்கறிவர். அங்கே குளிர்காலத்து விடியற்காலையில், உள்ளே வெப்பமூட்டிய வீட்டை வெளியே நின்று படமெடுப்பர். உள்ளுக்கும் புறத்துக்கும் பத்து டிகிரிக்குக் குறையாத வேறுபாடு இருத்தல் நன்று என்பது அத்தொழிலார் கொள்ளும் அளவு. சன்னற் சட்டங்களின் ஓரமும், சுவருக்குள் வெப்பங்காக்கும் பஞ்சு வைக்க மறந்த இடமும், கூரையும் சுவரும் கூடும் மூலையும் பளிச்செனத் தோன்றும். வீட்டுக்காரர் அவ்விடங்களை அடைத்து எரிபொருட் செலவைக் குறைப்பர்.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். நாம் இழப்பது வெப்பமன்று, தண்மை. நம் எதிரி வெளியேயிருந்து வருவது. ஆனால் விதி ஒன்றே: வெப்பம் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே அது செல்லும், செல்லும் வழியும் ஒன்றே. எனவே குளிர்நாட்டார் நூலை அப்படியே படியெடுத்தல் நமக்குப் பயன்தராது. அவர் சுவரையும் சன்னலையும் முதலில் நோக்குவர். நாம் முதலில் நோக்கவேண்டுவது கூரையை. விருத்தாசலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய பதினொன்றரைப் பாகையில் உள்ளது. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 23-ஐ ஒட்டியும் நண்பகற் சூரியன் அவ்வூர்க்கு நேர் உச்சியில் நிற்கின்றது. அக்கினி நட்சத்திர நாட்களிலும் உச்சியைவிட்டுப் பத்துப் பாகைக்கு மேல் விலகுவதில்லை. அப்பொழுது சுவர்கள் தம் நிழலிலேயே நிற்க, கூரை மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெயிலை முழுமையாக ஏற்கின்றது.

அவ்வெயிலை ஏற்பது நான்கங்குலக் காங்கிரீட்டுத் தளமாயின் விளைவென்ன? அதன் மேற்புறம் 60 டிகிரியை எட்டுதல் அரிதன்று. அவ்வெப்பம் சிறுகச் சிறுகக் கீழிறங்கிச் சில மணி நேரங்கழித்து அடிப்புறத்தை அடைகின்றது. மாலையில் வெயில் தணிந்து நாம் வீடு திரும்பும் வேளையே அது வந்துசேரும் வேளை. தளத்தின் அடிப்புறம் 40 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்டீபனும் போல்ட்ஸ்மனும் வகுத்த விதியின்படி அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 540 வாட் கதிரை வீசும். 34 டிகிரியுள்ள நம் தோல் வீசுவதோ ஏறக்குறைய 500 வாட். ஆகக் கணக்கில் நாற்பது வாட் நம்மீது மிகுதியாக வந்து விழுகின்றது. அத்தளம் 30 டிகிரியாயின் வீசுவது 480 வாட்டுக்குச் சற்றுக் குறைவே. அப்போது நம் உடம்பு வெப்பத்தை இழந்து ஆறுதல் பெறும். மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கதிரைத் தடுக்காது. விசிறி சுழல, வியர்வையும் ஓட, 'காற்றே சுடுகின்றது' என்று நாம் சொல்வதன் காரணம் பெரும்பாலும் காற்றன்று. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிரும் அத்தளமே. வெப்பப் படக்கருவியை மேனோக்கிப் பிடித்தால் அவ்வொளி உடனே புலப்படும்.

நம் ஊர்களில் இக்கருவியைக்கொண்டு வீட்டை ஆராய விரும்புவோர், ஒரே நாளில் மூன்று வேளைகளிற் படமெடுத்தல் வேண்டும். விடியற்காலையில் எடுத்த படம், வீடு இரவில் எவ்வளவு ஆறியது என்பதைச் சொல்லும். பிற்பகல் மூன்று மணியளவில் எடுத்தது, வெப்பம் எவ்வழியே நுழைகின்றது என்பதைச் சொல்லும். இரவு ஒன்பது மணியளவில் எடுத்தது, எவ்விடம் வெப்பத்தைச் சேமித்துவைத்து உறங்குவோர் மீது சொரிகின்றது என்பதைச் சொல்லும். ஒரே தளத்தில் நீர்த்தொட்டியின் நிழல் விழும் பகுதியும் வெயில் விழும் பகுதியும் கீழிருந்து பார்க்கையில் வேறுவேறாகத் தோன்றுதலைக் காணலாம். மேற்குச்சுவர் மாலையிற் சிவந்து நிற்கும். குளிர்சாதனம் வைத்த அறையாயின், கதவின் அடியிலும் சன்னற் பெட்டியின் சுற்றிலும் வெளிக்காற்று நுழையும் கோடுகள் தெரியும். மழைக்காலத்துக்குப்பின் சுவரில் ஓதம் ஏறிய இடம், நீர் ஆவியாதலால் குளிர்ந்த திட்டாகத் தோன்றும். கண்ணுக்குக் கறை தெரியுமுன்னரே இது தெரிவதுண்டு. வெயிலில் நிற்கும் வெளிச்சுவரைப் படமெடுத்து அதிலிருந்து முடிவுகட்டுதல் கூடாது. அங்கே காண்பது, சற்றுமுன் எங்கே மரநிழல் இருந்தது என்பதாகவும் இருக்கலாம். சன்னற் கண்ணாடியிற் சூடான உருவம் ஒன்று தோன்றின், அது பெரும்பாலும் கருவியைப் பிடித்திருப்பவரின் பிரதிபிம்பமே.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சூளைக்காரர் இதே கருவியால் தம் சூளையின் வெளிச்சுவரை நோக்குவதுண்டு. உள்ளே ஒரு செங்கல் வெடித்திருந்தாலும், இணைப்பிற் காரை உதிர்ந்திருந்தாலும், அவ்விடம் வெளியே ஒளிப்புள்ளியாகத் தோன்றும். அவ்வழியே எரிபொருள் வீணாவது உறுதி. இது முதற் பாடம். இதனினும் ஆழமான பாடம் ஒன்றுண்டு. விட்டுவிட்டு எரிக்கும் சூளையில், எரிபொருளின் பெரும்பங்கு பாண்டங்களைச் சுடுவதிற் செலவாவதில்லை. கனத்த சுவர்களைச் சூடேற்றுவதிலேயே செலவாகின்றது. சூளை ஆறும்போது அவ்வளவும் வீணே வெளியேறுகின்றது. இதனைத் தடுத்தற்கு அறிஞர் செய்தது யாது? நுண்துளைகள் நிறைந்த இலேசான செங்கல்லையோ, பீங்கான் இழையாலான போர்வையையோ, நெருப்பு நேரே படும் உட்புறத்தில் வைத்தனர். வெப்பம் கனத்த சுவரை அடையுமுன்னரே தடுக்கப்பட்டமையால், சுவர் அதனைக் குடிக்கவும் இல்லை, பின்னர் உமிழவும் இல்லை. வெளிப்புறத்தில் வைத்திருப்பின் சுவர் முழுதும் சூடேறிய பின்னரே அது தடுத்திருக்கும். வெப்பம் வரும் பக்கத்திலேயே தடையை வைக்க என்பதே இதன் சாரம்.

நம் கூரையும் அத்தகைய கனத்த சுவரே. அதற்கு நெருப்பு மேலே உள்ள சூரியன். ஆகவே தடையை வைக்கவேண்டிய இடம் தளத்தின் மேற்புறம். பலர் பொருள் செலவிட்டுத் தளத்தின் அடியில் அட்டைகளால் ஒரு பொய்க்கூரை அமைக்கின்றனர். அது பயனற்றதென்று கூறோம். கதிரை ஓரளவு மறைக்கும். ஆயினும் அதற்குமேல் காங்கிரீட்டு பகல்முழுதும் வெயிலைக் குடித்து இரவுமுழுதும் உமிழ்ந்துகொண்டேயிருக்கும். சூளைக்கு வெளியே போர்வை போர்த்தியதைப் போன்றதே அச்செயல்.

மேற்புறத் தடைகளுள் மிக எளியது வெண்மை. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தளம் வெயிலில் நூற்றுக்கு எழுபது பங்கை ஒட்டித் திருப்பியனுப்பும். அதே வேளையில், முன்னர்க் கூறியவாறு, அது வெப்பக்கதிரை நன்கு உமிழ்வதுமாதலால் இரவில் வானை நோக்கி விரைந்து ஆறும். பளபளக்கும் தகரத்துக்கு இவ்விரண்டாம் குணம் இல்லை. சுண்ணாம்பின் குறை, மழையிற் கரைந்தும் புழுதியில் மங்கியும் போதல், ஆண்டுதோறும் பூசவேண்டும். இக்குறை இல்லாதது வெள்ளைப் பீங்கான் ஓடு. குஜராத்தில் உடைந்த வெண்பீங்கான் துண்டுகளைத் தளத்தின்மேல் நெருக்கிப் பதிக்கும் வழக்கம் உண்டு. பீங்கான் சூளைகள் உள்ள ஊரில் உடைந்த துண்டுகளுக்குக் குறைவிராது. ஒரு தொழிலின் கழிவு அத்தொழிலாளியின் கூரைக்கு அணியாகலாமன்றோ?

இரண்டாவது தடை, காற்றைச் சிறைப்பிடித்தல். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் சோம்பல் உடையது. களிமண்ணோடு உமியைக் கலந்து சுட்டால் உமி எரிந்து, அது நின்ற இடமெல்லாம் காற்றுத் துளையாகும். அத்தகைய மூன்றங்குலச் செங்கல்லைத் தளத்தின்மேற் பரப்பினால், தளம் கடத்தும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். 2018-இல் இந்திய அரசு வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் வீட்டு விதிநூல், கூரை ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டரொன்றில் 1.2 வாட்டுக்கு மேல் கடத்தலாகாது என்கின்றது. வெறுங் காங்கிரீட்டுத் தளமோ ஏறக்குறைய நான்கு வாட் கடத்துவது. ஆகவே செங்கல்லோடு வேறு காப்பும் சேர்ந்தாலன்றி அவ்வளவை எட்ட இயலாது. இதிற் காக்கவேண்டிய எச்சரிக்கை இரண்டு. துளைகளில் மழைநீர் புகுந்தால், நீர் காற்றினும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துமாதலால், தடை வாயிலாகிவிடும். மேலே நீர்புகாத பூச்சு இன்றியமையாதது. தளம் தாங்கும் எடையையும் கட்டடக்கலை அறிந்தவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது தடை, கூரைக்குமேல் கூரை. விருத்தாசலத்துக்கு வெகுதொலைவிலில்லாத புதுச்சேரியில், 1930-களின் இறுதியில் தொடங்கி 1940-களிற் கட்டிமுடிக்கப்பட்ட 'கோல்கொண்டே' என்னும் ஆசிரம விடுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞர் அதன் தளத்துக்கு மேலே வளைந்த காங்கிரீட்டு ஓடுகளை அடுக்கி, இடையிற் காற்று ஓடுமாறு விட்டார். வெயிலை மேலோடு ஏற்க, இடைக்காற்று அவ்வெப்பத்தை வாரிச்செல்லும். பெரும்பொருள் இல்லாதார் இதே பயனைக் கீற்றுப்பந்தலாலும், அதன்மேற் படரவிட்ட சுரைக்கொடியாலும் பெறலாம். ஓடுகளை அடுக்கடுக்காய்ப் போட்டு வேய்ந்த நம் பழைய வீடுகளிலும், ஓட்டுக்கு ஓடு இடையிலுள்ள சந்துகளிற் காற்று ஓடியதே தண்மைக்குக் காரணம். 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சார்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் பின் நாடெங்கும் பரவிய சீமையோட்டிலும் காற்று ஓரளவு கசிந்தோடும். காங்கிரீட்டு வந்தபோது உறுதியைப் பெற்றோம், அச்சந்துகளை இழந்தோம்.

இவையெல்லாம் வசதிக்காகச் சொல்லப்படும் சிறு செய்திகள் என்று எண்ணவேண்டா. 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அகமதாபாது நகர் 2013-இலேயே வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் வகுத்தது; தெலுங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பகலில் வெயிலிற் பாடுபட்ட உடல், இரவில் ஆறினால்தான் மறுநாளைத் தாங்கும். கல்நார்த் தகட்டின் கீழும் தகரத்தின் கீழும் உறங்கும் முதியோர்க்கும் குழந்தைகட்கும் நோயாளர்க்கும் அவ்வாறுதல் கிட்டுவதில்லை. பொருளுடையார் குளிர்சாதனம் வாங்குவர். அது தன் அறையின் வெப்பத்தைத் தெருவில் எறிந்து அயலார்க்கு மேலும் சிறிது வெம்மை கூட்டும். கூரையை வெண்மையாக்குபவரோ தம் வீட்டையும் குளிர்விப்பார், அயலார்க்கும் தீங்கு செய்யார்.

ஆதலின் நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். பௌதிகக் கூடத்தில் இத்தகைய கருவி ஒன்று இருக்குமாயின், அதனை அலமாரியிற் பூட்டிவைத்தல் தகாது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் இசைவு பெற்று, மூன்று வேளையும் கூரையின் அடிப்புறத்தை அளந்து எழுதுக. ஒருவர் வீட்டுப் படத்தை அவர் விருப்பமின்றிப் பிறர்க்குக் காட்டற்க. பின்னர் ஒரு வீட்டுத் தளத்தில் பாதிக்குமட்டும் வெள்ளையடித்து மீண்டும் அளந்து, இரு பாதியையும் ஒப்பிட்டு வீட்டுக்காரர்க்கே காட்டுக. கருவி கிடையாதெனின், அடிப்புறத்தில் ஒட்டிவைத்த இரண்டு சாதாரண உஷ்ணமானிகளே போதும். ஹெர்ஷெலுக்கும் அவ்வளவே இருந்தது.

கருவி தருவது படம் மட்டுமே. அதனைப் படித்தறிந்து, தடையை எப்பக்கம் வைப்பது என்று தீர்மானிப்பது அறிவின் வேலை. அவ்வறிவு சூளையடியில் நிற்கும் தொழிலாளியிடம் முன்னமே உள்ளது. சூளைக்குள் கற்ற பாடத்தை அவன் தன் கூரைமேல் ஏற்றிவைக்க உதவுவதே கற்றவர் செய்யத்தக்க பணியாகும்.